பழுதுக்குத் தள்ளுபடி

அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்று வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். தங்கமான மனுஷன். எங்கள் நான்கு குடித்தனங்களும் அதையே சொல்லி அழுதன. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரருக்காக அழுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்று எனக்கும் அழுகைதான் வந்தது. கோபம் அடுத்த வாரம் வந்தது. இன்னும் போகவில்லை.

அப்பா பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை முழுக்கப் போட்டு வீட்டுக்குப் பின்னால் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு போர்ஷன் கட்டினார். நான் அப்போது கட்டடப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டின் கனம் போதாது என்றேன். "மேஸ்திரிக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்" என்றார்.

அம்மா இருந்தவரை வாடகை அவள் பொறுப்பு. அவளுக்கு முகதாட்சண்யம் கிடையாது. வாயாலேயே விரட்டி வாங்குவாள். அதே வாயால் பிளம்பரையும் விரட்டி வேலை வாங்குவாள். அவளுக்குப் பிறகு பொறுப்பு அப்பாவிடம் வந்தது. அவருக்கு ஆள் பிடிப்பது, பேரம் பேசுவது, செலவழிப்பது மூன்றும் வேப்பங்காய். அதனால் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். எது பழுதானாலும் சரி செய்யமாட்டார், வாடகையைக் குறைப்பார். குழாய் ஒழுகினால் கொஞ்சம். ஜன்னல் கொக்கி போனால் கொஞ்சம். "பாவம், சிரமத்தோட இருக்காங்க. முழுசா வாங்குறது நியாயமில்லை" என்பார்.

குடித்தனக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பழுது போனால் தள்ளுபடியும் போய்விடும் என்று புரிந்துகொண்டார்கள். அவரவர் பழுதை அவரவர் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். மாடியில் இருக்கும் டியூஷன் டீச்சர் உடைந்த குளியலறைக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். ஒருமுறை நானே ஒரு தச்சரை அனுப்பினேன். கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "கதவு நல்லாத்தான் இருக்கு, போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வெளியூரில் வேலையில் இருந்த எனக்கு அப்பா இதைப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இருப்பதிலேயே பெரிய தள்ளுபடி கீழே பின்பக்க அறைக்கு. அங்கே இருப்பவர்கள் துணி தேய்த்துக் கொடுக்கும் அக்காவும் அவர் கணவரும். கணவருக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலை. பகலில் தூங்குவார். டீச்சரின் குளியலறைக்கு நேர் கீழே அவர்கள் அறை. கூரையில் கசிவு என்று அப்பா வாடகையில் பாதிக்கு மேல் குறைத்திருந்தார்.

அப்பா போன அடுத்த வாரம் அந்தக் கதவைத் தட்டினேன். அக்கா ஒருக்களித்துத் திறந்தார்.

"மாமா தூங்குறாரு பாப்பா. அப்புறம் வாயேன்."

"எப்ப வந்தாலும் தூங்கத்தானே செய்வாரு. கொஞ்சம் நகருங்க."

கூரையை ஒட்டி ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பை நான்கு மூலையிலும் ஆணியடித்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் கனமாகத் தொங்கியது.

"இது எதுக்கு அக்கா?"

"பல்லி விழுதுன்னு கட்டினேன்."

ஒரு மூலையை அவிழ்த்தேன். பல்லி இல்லை. ஒரு கூடை காங்கிரீட் சில்லு தரையில் கொட்டியது. மேலே கூரை உப்பிக்கொண்டு நின்றது. கம்பி துருப்பிடித்து, விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. துடைப்பக் கட்டையால் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெறுமையாக இருக்கும் சத்தம். நேர் கீழே மாமா வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா இதைப் பார்த்தாரா?"

"பார்க்காமலா? அடடான்னாரு. அந்த மாசமே இன்னும் குறைச்சுட்டாரு. விரிப்பு கூட உங்க வீட்டுதுதான். நாற்காலி மேல ஏறி ஒரு பக்கம் அவர்தான் பிடிச்சாரு."

அது அம்மாவின் விரிப்பு. அப்போதுதான் அடையாளம் தெரிந்தது.

"இன்னைக்கே அறையைக் காலி பண்ணுங்க அக்கா" என்றேன். சொன்ன விதம் சரியில்லை. கத்தினேன்.

அக்கா என்னைவிட உரக்கக் கத்தினார். "அப்பா கண்ணை மூடி ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா? இந்த வாடகைக்கு இடம் வேற எவன் குடுப்பான்?"

"எவனும் குடுக்கமாட்டான். ஏன்னா இது இடமே இல்லை."

சத்தம் கேட்டுச் சித்தப்பா வந்தார். "அண்ணன் இத்தனை வருஷத்துல ஒருத்தரை வெளிய போன்னு சொன்னது உண்டா? படிச்சு என்னம்மா பிரயோஜனம், கொஞ்சம் ஈரம் வேண்டாமா?"

"ஈரம் நிறைய இருக்கு சித்தப்பா. மேல பாருங்க. உள்ள வந்து, மாமா பக்கத்துல கொஞ்ச நேரம் படுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

எங்கே போவது என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரே காலி அறை அப்பாவுடையது. ஆணியில் அவர் சட்டை இன்னும் தொங்கியது. அதை எடுக்க அதுவரை எனக்குக் கை வரவில்லை. எடுத்து மடித்தேன். சாயங்காலத்துக்குள் அவர்கள் பாத்திரமும் பெட்டியும் அங்கே வந்துவிட்டன.

அங்கேயே நின்று பேசி முடித்தேன். கூரையை இடித்துப் புதிதாகப் போடும்வரை வாடகை கிடையாது. டீச்சர் குளியலறையையும் சேர்த்து உடைக்கப் போகிறேன். வேலை முடிந்ததும் பக்கத்துத் தெருவில் இதே அளவு அறைக்கு என்ன வாடகையோ அதுதான். ஒரே மூச்சில் வேண்டாம், வருஷக் கடைசிக்குள் படிப்படியாக. இனிமேல் நான்கு குடித்தனத்துக்கும் தள்ளுபடி என்ற பேச்சே இல்லை. எது உடைந்தாலும் சொல்ல வேண்டும், சரி செய்வது என் வேலை.

"அப்ப மனசாட்சின்னு ஒண்ணு?" என்றார் அக்கா.

"அதுக்குத்தான் அக்கா கம்பி வாங்கப் போறேன்."

"உங்க அப்பா மாதிரி வராது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற மூன்று குடித்தனங்களும் இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்துகின்றன.

மாமா காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். என் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லதாப் போச்சு பாப்பா. தலைமாட்டை மாத்தி மாத்திப் போட்டுப் படுப்பேன். எந்தப் பக்கம் முதல்ல விழும்னு தெரியல பாரு."

"தெரிஞ்சுமா அங்க படுத்தீங்க? அப்பாகிட்ட சரி பண்ணச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எப்படிக் கேட்கிறது? அவ்வளவு நல்ல மனுஷன். கேட்கும்போதெல்லாம் குறைச்சுக் குடுத்தாரே. அவர்கிட்டப் போய்க் கூரையைச் சரி பண்ணித் தரலைன்னு குத்தம் சொல்ல முடியுமா?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அன்று அவரிடம் பெரிய சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டையைப் போட எனக்கு ஆள் இல்லை. அதுதான் ஆறவில்லை.