அப்பா எடுத்துக்கொடுத்த வரி

சித்தப்பாவுக்கு நல்ல மூக்கு. எங்கள் குடும்பத்திலேயே எடுப்பான மூக்கு அதுதான் என்று அம்மாவே ஒப்புக்கொள்வாள். ஆனால் அவர் பிரபலமான வருடத்தில் அந்த மூக்கை யாருமே பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே ஒரு சிவப்புக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் அவர் ராப் பாடினார். வீடியோவில் பம்மலில் மூடிக்கிடந்த, தோல் பதனிடும் டேனரி ஒன்றின் சுவர் தெரியும். சுவருக்கு முன்னால் நண்பர்கள் நாலு பேர் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். நடுவில் கைக்குட்டைக்கு மேல் இரண்டு கண்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பக்கம் முழுவதும் ராப் காய்ச்சல் பிடித்திருந்த காலம். பம்மலில் ஒரு கூட்டம், அனகாபுத்தூரில் ஒரு கூட்டம், பல்லாவரத்தில் இரண்டு கூட்டம். அந்த இரண்டுக்கும் ஒன்றையொன்று திட்டிப் பாடுவதே முழுநேர வேலை. ஸ்டுடியோ என்றெல்லாம் யாரிடமும் கிடையாது. ஒரு செல்போன், ஒரு மைக், சுவரெல்லாம் ஒட்டிய முட்டை அட்டை, அவ்வளவுதான். சித்தப்பா பகலில் கூரியர் பார்சல் கொடுத்தார், சாயங்காலம் பாடினார். ஷேர் ஆட்டோக்காரர்களைக் கிண்டல் செய்து அவர் பாடிய பாட்டு தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஷேர் ஆட்டோக்களில்தான் அதிகம் ஓடியது. தங்களைக் கிண்டல் செய்யும் பாட்டை அவர்களே அவ்வளவு சத்தமாக வைத்துக் கேட்டது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

நாங்கள் சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். அங்கிருந்த பையன்களுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். கார் நிறுத்துமிடத்தில் அதைக் கத்திக்கொண்டே கிரிக்கெட் ஆடுவார்கள். பாடுகிறவருக்கு 'கைக்குட்டை அண்ணா' என்று பெயரும் வைத்திருந்தார்கள். அந்த அண்ணா என் சித்தப்பா என்பது குடியிருப்பில் எங்கள் வீட்டு மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. பாட்டில் ஒன்றிரண்டு கெட்ட வார்த்தை வருவதால்தான் இந்தக் கண்டிப்பு என்று நானாக முடிவுசெய்து வைத்திருந்தேன்.

காரணம் வேறு. தாத்தா பம்மலில் டேனரி ஒன்றில், தோல் ஊறவைக்கும் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தவர். அப்பா படித்து, வங்கி வேலைக்கு வந்து, சேலையூரில் வீடு வாங்கியபோது அந்தத் தொட்டியைப் பம்மலிலேயே விட்டுவிட்டு வந்தார். தோல் வேலை என்று காதில் விழுந்ததுமே எந்தத் தெரு, எந்தச் சாதி என்று மனதுக்குள் கணக்குப் போடுகிற ஊர் இது. அதனால் யாராவது விசாரித்தால், "அப்பா எக்ஸ்போர்ட் கம்பெனியில இருந்தாரு" என்பார். தோலெல்லாம் கப்பலேறி வெளிநாடு போனது உண்மைதான் என்பதால் அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. சொந்த ஊர் எது என்றால், "இங்கதான், பக்கத்துல" என்று குரலைத் தணித்துக்கொண்டு சொல்வார். சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வரும்போது பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, பின்பக்கப் படி வழியாக ஏறி வரவேண்டும். அவரும் ஒன்றும் கேட்காமல் அப்படியே வருவார். எனக்கு அது நாங்கள் இருவரும் ஆடும் கண்ணாமூச்சி.

தாத்தா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த அரையாண்டு விடுமுறையில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தாத்தாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, அதைப் பதிவுசெய்யப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். உணர்ச்சியோடு பாடி முடிக்கப் போகிற நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். அது ஓய்ந்தால் தலைக்கு மேல் விமானம் இறங்கும்.

"தோ, வந்துகினே கீது பாரு, பேஜாரு!" என்று கைக்குட்டையை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அவர் கத்திக் கத்திப் பாடியதில் பாட்டு அவருக்கு முன்னால் எனக்குப் பாடமாகிவிட்டது.

பாட்டை வெளியிடுவதற்கு முன்னால் அப்பாவின் போனுக்கு அனுப்பிவைத்தார். அண்ணன் சரி என்றால்தான் வெளியே விடுவேன் என்று சொல்லியிருந்தார். நான் தினமும் அப்பாவிடம் கேட்டேன். "எங்கம்மா டைம்? கேக்கல" என்று அவரும் தினமும் சொன்னார். சித்தப்பா போன் செய்தபோதும் அதே பதில்தான். எனக்குச் சித்தப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது.

பொங்கல் வந்தது. குடியிருப்புச் சங்கத்துக்கு அந்த வருடம் அப்பாதான் செயலாளர். கார்களையெல்லாம் தெருவுக்கு விரட்டிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் மேடை போட்டு, பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி. அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என் பெயருக்கு எதிரே 'செய்யுள் ஒப்புவித்தல்' என்று எழுதியிருந்தது. எனக்கு முன்னால் ஏறிய மாடிவீட்டுத் தோழி நான் சொல்லவேண்டிய அதே செய்யுளை ஒரு பிசிறில்லாமல் சொல்லிவிட்டு இறங்கினாள். நான் மேடையேறியதும் முன்வரிசைப் பையன்கள், "திருப்பியும் அதேவா?" என்று சிரித்தார்கள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கைப் பிடித்து, "கைக்குட்டை அண்ணா எங்க சித்தப்பாதான். அவரோட புதுப் பாட்டு, இன்னும் வெளியவே வரல" என்றேன். பையன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மா தன் வரிசையில் இருந்தபடியே இறங்கு, இறங்கு என்று கையைக் காட்டினாள். செய்யுள் படிக்காமல் ஏமாற்றுகிறேன் என்று கோபப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பாடத் தொடங்கினேன்.

எங்க தாத்தா கையில ரேகையே கெடயாது
சுண்ணாம்புத் தொட்டி துன்னுட்ச்சு, மறுபடி மொளைக்காது
ரேஷன் கடை மிஷின் மேல வெரல வெச்சா கத்துது
ஆளே இல்லன்னு சொல்லுது, அவருக்குத் தல சுத்துது

பையன்கள் தாளத்துக்குக் கைதட்டினார்கள். பெரியவர்கள் பக்கத்தில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. என் பாட்டில் மயங்கிக் கிடக்கிறார்கள் என்றே நம்பினேன். அடுத்த வரிக்குப் போனேன்.

தோலு ஊறுன தொட்டியில தாத்தா காலு ஊறுச்சு

அதோடு நின்றுவிட்டது. எத்தனையோ தடவை கேட்ட பாட்டு, அடுத்த வரி எங்கே போனதென்றே தெரியவில்லை. "ஊறுச்சு" என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். இன்னொரு தடவையும் சொன்னேன். காது சூடாகி, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த மாடிவீட்டு ஆன்ட்டி அம்மாவின் பக்கம் திரும்பி, "யாருங்க அது, சொந்தச் சித்தப்பாவா?" என்று கேட்டார். அம்மா சிரிக்க முயன்றபடி, "அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. போன்ல எதையோ பாத்துட்டு ஒளர்றா" என்றாள். அது எனக்கு மேடைவரை கேட்டது. சங்கத் தலைவர் நல்ல மனிதர். "பாட்டுதானே, கொழந்த பாவம். எல்லாரும் கைதட்டுங்க, அடுத்த ஐட்டத்துக்குப் போலாம்" என்று எழுந்தார். கைதட்டல் தொடங்கிவிட்டது. அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"அந்தத் தண்ணியிலதான் என் படிப்பு ஏறுச்சு."

அப்பாவின் குரல். மைக் இல்லாமலேயே கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது. ஸ்பீக்கர் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னை மட்டும் பார்த்து நின்றார். கைதட்டல் பாதியில் நின்றது.

எனக்கு அவமானத்தில் உடம்பே குறுகிப்போனது. பாட்டை மறந்தது ஒன்று. அதை அப்பா ஊரறிய எடுத்துக்கொடுத்தது இன்னொன்று. அதைவிடக் கொடுமை, அவர் தப்பாக எடுத்துக்கொடுத்தது. மைக் கையில் இருப்பதையே மறந்து, "தப்புப்பா! 'எங்க அண்ணன் படிப்பு ஏறுச்சு'ன்னு வரும்" என்று திருத்தினேன்.

"ஆமாம்மா, அண்ணன்தான். நீ பாடு" என்றார்.

திருத்திய வரியைச் சொன்னேன். மீதிப் பாட்டையும் அழுதுகொண்டே பாடி முடித்தேன். எப்படி முடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. பையன்கள் விசிலடித்தார்கள். பெரியவர்களில் சிலர் தட்டினார்கள், சிலருக்கு அந்த நேரம் பார்த்துச் செல்போனில் வேலை வந்துவிட்டது. அப்பா அதற்குள் மடிக்கவேண்டாத நாற்காலிகளையெல்லாம் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பங்கெடுத்த எல்லோருக்கும் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா கொடுத்தார்கள். அதை நான் பள்ளிக்கு எடுத்துப் போகவே இல்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாடிவீட்டிலிருந்து வழக்கமாக வரும் சுண்டல் வரவில்லை. தோழியைக் கூப்பிடப் போனால், "அம்மா உள்ளயே விளையாடச் சொன்னாங்க" என்று கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். ஒரு வரி மறந்ததற்கு இவ்வளவு தண்டனையா என்று எனக்கு அழுகை வந்தது. அதே வாரம், அதுவரை எங்களோடு பேசியே இராத மூன்றாவது மாடி அக்கா ஒருவர் லிஃப்டுக்குப் பக்கத்தில் அம்மாவை நிறுத்தி, "நாங்களும் பம்மல் பக்கம், நாகல்கேணிதாங்க. எங்கப்பாவும் கம்பெனிதான்" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்தவள் லிஃப்ட் வந்து போன பிறகும் விடவில்லை. ஏதோ பஸ் விவரம் பேசுகிறார்கள் என்று நான் படியிறங்கிப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். அப்பா கீழே போய், வாசல் கேட்டில் நின்று, அவரை பைக்கோடு உள்ளே அழைத்து வந்தார். முன்பக்க லிஃப்டில் இருவரும் ஏறி வந்தார்கள். பாட்டைக் கெடுத்தவள் என்று திட்டு விழப் போகிறதென்று நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"இன்னாண்ணா, கேக்கவே இல்லன்ன?" என்றார் சித்தப்பா.

"தினம் ட்ரெயின்ல கேட்டேன்டா" என்றார் அப்பா. "தாம்பரத்துல போட்டா பீச் ஸ்டேஷன் வர்றவரைக்கும் அதான்."

சித்தப்பா, "அப்ப வுட்றவா?" என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். சித்தப்பா கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெயிலில் வந்த வியர்வை என்று நினைத்தேன்.

அவர் போன பிறகு அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொங்கலன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. அன்றுதான் கேட்டேன்.

"ஏம்பா அவ்ளோ சத்தமா சொன்னீங்க? எல்லாருக்கும் கேட்டுடுச்சு. எனக்கு எவ்ளோ அசிங்கமா இருந்துச்சு தெரியுமா? மெதுவா சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா என் தலையில் கைவைத்தார்.

"இத்தன வருஷமா மெதுவாத்தாம்மா சொன்னேன்."

அவர் அதற்கு முன்னால் ஒருமுறைகூட எனக்கு வரி எடுத்துக்கொடுத்ததில்லை. தப்பை மறைக்கப் பொய் சொல்கிறார் என்று நினைத்து, அவர் கையைத் தள்ளிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.