ஏழு ஆயுத பூஜை பார்த்த வண்டி

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். வண்டி வந்துவிட்டதா?

வரவில்லை.

வண்டி என்றால் என் வீட்டுக்காரரின் பழைய மோட்டார் சைக்கிள். கார் வாங்கிய அன்று அதைப் போர்ட்டிகோவில் ஓரங்கட்டி, மேலே ஒரு பவானி ஜமக்காளத்தைப் போர்த்திவிட்டார். ஆயிற்று ஏழு வருஷம். விற்றுத் தொலையுங்கள் என்று நான் சொல்லாத மாதமில்லை. "ஆகட்டும்" என்பார். அவ்வளவுதான்... அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இப்போது அதற்கு ஓர் அவசரம் வந்தது. மகள் தாரணிக்குக் கருமத்தம்பட்டி பக்கம் ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். எங்கள் பீளமேட்டிலிருந்து அவினாசி ரோட்டில் மில் திருப்பம் வரைக்கும் பஸ் உண்டு. அங்கிருந்து மில்லுக்கு? நடராஜா சர்வீஸ்தான். தோழியின் பைக்கில் பழகி லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள். புது ஸ்கூட்டரெல்லாம் வேண்டாம், அப்பா வண்டியே போதும் என்றாள். மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுக்கென்ன கண்ணு, எடுத்துக்க என்றுவிட்டார்.

எனக்கு அப்போதே சந்தேகம். டி.வி. ரிமோட்டைக்கூட இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லையே?

ஜமக்காளத்தை எடுத்தோம். அடேயப்பா, என்ன மினுமினுப்பு! மினுங்காதா பின்னே? ஓட்டவில்லையே தவிர, ஆயுத பூஜைக்கு அதற்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தலையோடு கால் குளியல். ஹெட்லைட்டுக்குத் திருநீற்றுப் பட்டை, டேங்க்குக்குச் சந்தனம் குங்குமம், ஹேண்டில்பாரில் செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். தினம் ஓடுகிற காருக்கு இதில் பாதி மரியாதைகூடக் கிடையாது.

சாவியைப் போட்டார். போகவில்லை. திருப்பிப் போட்டார். ம்ஹூம்.

டார்ச் அடித்துப் பார்த்தால், சாவித் துவாரம் முழுக்கச் சந்தனம். ஏழு வருஷத்துச் சந்தனம் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. ஊக்கு, குண்டூசி, என்னுடைய ஹேர்பின் எல்லாவற்றையும் போட்டு நோண்டி ஒருவழியாகச் சாவி உள்ளே போயிற்று. பேட்டரிக்கு உயிரே இல்லை. சரி என்று கிக்கரை மிதித்தார். எஞ்சின் வாயே திறக்கவில்லை... சைலன்சரிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. குளிப்பாட்டிய தண்ணீர்! டேங்க்கைத் திறந்தால் பெட்ரோல் வாசனைக்குப் பதிலாகக் கெட்டுப்போன வார்னிஷ் நெடி.

எனக்கு வந்ததே கோபம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் எதற்கு வைக்கிறோம்? வண்டியை நகர்த்தி நசுக்கத்தானே? எங்கள் வீட்டில் ஒரு பழம்கூட நசுங்கியதில்லை. மறுநாள் எடுத்து ஜூஸ் போட்டுக் குடித்த புண்ணியவான் யார் என்று கேட்காதீர்கள், அவரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். கும்பிட்ட நேரத்தில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமென்று யாருக்காவது தோன்றியதா? நமக்குக் கும்பிடுவது சுலபம். சரஸ்வதி பூஜைக்கு அடுக்குகிற புத்தகங்களை மட்டும் பிரித்தா பார்க்கிறோம்?

உக்கடத்திலிருந்து ரஃபீக் பாய் வந்தார். மெக்கானிக். என் வீட்டுக்காரர் அவரைத் தவிர வேறு யாரையும் அந்த வண்டியைத் தொட விடமாட்டார். லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை குடுத்துப்போடலாமுங்க்கா என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை போன் போட்டேன். சாயங்காலமுங்க்கா என்றார். சாயங்காலம் போட்டேன். கார்புரேட்டர்ல கொஞ்சம் அடைப்புங்க்கா, நாளைக்கு என்றார். சனிக்கிழமை போட்டேன். வந்துட்டே இருக்கேனுங்க்கா என்கிறார். பின்னாலோ டீ ஆற்றுகிற சத்தம்!

திட்டலாமென்றால், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற மனிதரை எந்த வாயால் திட்டுவது? "ஏனுங்க பாய்" என்று ஆரம்பித்ததுமே என் கோபத்தில் பாதி கரைந்துவிடுகிறது. மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தாரணி ஹெல்மெட் வாங்கிவிட்டாள். நான் இன்ஷூரன்ஸ் போட்டு வைத்துவிட்டேன். அவளுடைய அப்பா மட்டும் பேப்பரை விரித்துக்கொண்டு, அவசரப்பட்டா ஆகுமா என்கிறார். வண்டி வருகிறவரைக்கும் நானே கார்ல கொண்டுபோய் உடறேன் என்கிறார். காய்கறி வாங்கக் காரை எடுக்கச் சொன்னால் முட்டிவலி என்கிற மனிதர்!

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நேராக உக்கடம் போய் இறங்கினேன்.

ஒர்க்‌ஷாப் வாசலிலேயே வண்டி நிற்கிறது. புது டயர், புது பேட்டரி. தாரணி கிக்கரை ஒரு மிதி மிதித்தாள்... நல்ல பிள்ளையாக ஓட ஆரம்பித்துவிட்டது. எப்போது ரெடியானது என்று கேட்டேன். பாய் தலையைச் சொறிந்தார். வியாழக்கிழமையேவாம்.

அப்புறம் ஏன் கொடுக்கவில்லை?

"சார்தானுங்க்கா போன் பண்ணுனாரு, திங்கக்கெழமை கழியட்டும் பாய்னு. ஆகட்டுங்கன்னுபோட்டேன். நீங்க சீக்கிரம் வேணும்னீங்க. அதுக்கும் ஆகட்டுங்கன்னுபோட்டேன். ரெண்டு பேர்ல யாருக்குங்க்கா நான் முடியாதுன்னு சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த ஊரில் யாருக்காவது நாக்கு வெந்துவிடுமா? மகள் கேட்டால் அப்பாவுக்கு மறுக்க வாய் வராது. அப்பா கேட்டால் மெக்கானிக்குக்கு வராது. ஆளாளுக்குச் சரிங்க, ஆகட்டுங்க... நடுவில் என் ஒருத்திக்குத்தான் பிரஷர் ஏறுகிறது!

தாரணி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். மேம்பாலம் தாண்டும் வரை கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் நன்றாகத்தான் ஓட்டினாள். அதையும் சொல்லியாக வேண்டும்.

வண்டிச் சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. வண்டியில் வரும்போதே ஒரு பக்கத்துக்கு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். தாரணி முந்திக்கொண்டாள். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அவினாசி ரோட்டுல லாரி எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும் கண்ணு. நெனச்சாலே பயமா இருக்குது. அதுக்குன்னு உங்கிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் போய்விடவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் மனசு வரவில்லை.

"எனக்குந்தானுங்ப்பா பயம். ரெண்டு பேரும் பயந்துட்டு ஊட்லயே உக்காந்துட்டா, மில்லுக்கு யாருங்ப்பா போறது?" என்றாள் தாரணி.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். உள்ளே போய்விட்டார். ராத்திரி ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். நான் கேட்டைச் சாத்தப் போனால், இவர் சட்டையை மாட்டிக்கொண்டு காரை ரிவர்ஸ் எடுக்கிறார். எங்கே? கருமத்தம்பட்டியில் ஒருத்தரைப் பார்க்க வேண்டுமாம். யாரை? அதற்குள் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

எனக்குச் சமையலில் கை ஓடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக அடித்தது. தாரணிதான்.

"மில்லுக்கு வந்துட்டேனுங்ம்மா. அப்பாவையும் பத்திரமாக் கொண்டாந்து சேத்திட்டேன்."