கம்பவலை இழுத்த கதை

அப்பா கூட வராமல் அம்மா ஊர்விட்டு ஊர் போனது, எனக்குத் தெரிந்து, அந்த ஓணத்துக்குத்தான் முதல் தடவை. அம்மாவோடு திருநெல்வேலியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சிநேகிதிகள் இரண்டு பேர். ஒருத்தி திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கோட்டை மாமி. இன்னொருத்தி எங்கள் பக்கத்துத் தெரு. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள் என்பதால் சிரிப்பு மாமி. கோட்டை மாமி வருடா வருடம் கூப்பிடுவாள்; அப்பா வருடா வருடம் யோசிப்பார். அந்த வருடம் யோசித்து முடித்து, "குழந்தையையும் கூட்டிண்டு போ" என்றார். என்னை அம்மா பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்மாவிடமும், அம்மாவை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடமும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு எட்டு வயது. பொறுப்பைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் சிரிப்பு மாமியோடு திருவனந்தபுரத்தில் ரயிலை விட்டு இறங்கியதுமே அம்மா வேறு ஆளாகிவிட்டாள். கிழக்கேகோட்டையில் பஸ்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் புகுந்து ஓடினாள். மியூசியம் தோட்டத்துப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். தெருவெல்லாம் ஓண விளக்குகள். மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு ஃபுட்பாத்தை அடைத்து நடந்தார்கள். வீட்டில் சத்தமே வராத அம்மா, சிரிப்பு மாமியைவிடச் சத்தமாகச் சிரித்தாள். அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு ஒரே குழப்பம்.

மறுநாள் காலை சாலைக் கடைவீதியில் ஆளுக்கொரு கசவுப் புடவை வாங்கினார்கள். சந்தன வெள்ளையில் தங்கக் கரை போட்டது. மூன்றும் ஒரே மாதிரி. ஊருக்குப் போய்க் கட்டிக்கொள்ளும் பொறுமை யாருக்கும் இல்லை. கோட்டை மாமி வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் அப்போதே கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"இப்போ நம்மளப் பாத்தா யாராவது திருநெல்வேலின்னு சொல்லுவாளோ?" என்றாள் அம்மா.

"வாயத் திறக்காம இருந்தா சொல்ல மாட்டா, கேட்டியா?" என்றாள் கோட்டை மாமி.

அன்று சாயங்காலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். நான் கடலைப் பார்த்தது அன்றுதான். ஓண விடுமுறைக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் பெண்கள் முக்கால்வாசிப் பேர் சந்தன வெள்ளையில் தங்கக் கரை. இந்த ஊர்க்காரிகளைப் போலத் தெரிய வேண்டும் என்று மூன்று பேரும் ஆசைப்பட்டார்கள் அல்லவா, அது தேவைக்கு அதிகமாகவே நிறைவேறிவிட்டது.

வலியதுறைக் கடல்பாலம் வரை கரையோரமாக நடப்பது என்று முடிவு. உப்பிலிட்ட மாங்காய் விற்கிற வண்டியில் அவர்கள் நின்றபோது, நான் என் காலடித் தடத்தை அலை அழிப்பதையும் மறுபடி தடம் பதிப்பதையும் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மூன்று கசவுப் புடவைகள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. பின்னாலேயே போனேன். நெடுந்தூரம் போனேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஒழுங்காகச் செய்கிறோம் என்ற நிம்மதி வேறு. நடுவில் போனவள் திரும்பினாள். அம்மா இல்லை. பக்கத்தில் இருந்தவளும் யாரோ.

மாங்காய் வண்டிப் பக்கம், குழந்தை மற்ற இருவரில் ஒருத்தியிடம் இருக்கிறது என்று மூன்று பேருமே நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

நான் ஓடினேன். எந்தப் பக்கம் ஓடினாலும் அதே புடவை. எட்டிப் பிடித்து முகத்தைப் பார்த்தால் அம்மா இல்லை. கடைசியில், அலைக்குள் நிற்கிறவர்களில் ஒருத்தி அம்மாவாக இருக்கலாம் என்று தோன்றி, தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். ஓர் அலை முழங்காலை மடக்கியது. காலுக்கடியில் மணல் நழுவியது. அப்போது ஒரு கை என் மேற்கையைப் பிடித்துக் கரையில் தூக்கி நிறுத்தியது.

மீன் விற்கிற பெண். கைலியும் தோளில் துண்டும். இடுப்பில் காலியான அலுமினியச் சட்டி. வலை கரைக்கு வருவதற்காகக் காத்திருந்தவள்.

"எந்தா மோளே, ஆரைத் தேடுது நீ?"

"அம்மாவை."

"அம்மை எந்து உடுத்திருக்குது?"

"வெள்ளைப் புடவை. தங்க பார்டர்."

அவள் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். "கொள்ளாம்! அப்போ இந்தக் கடப்புறம் முழுக்க உன் அம்மைமாரு தான்" என்றாள். நான் இன்னும் பெரிதாக அழுதேன்.

அங்கே கம்பவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தில் போய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் நீளக் கயிறு கட்டி, கரையில் நின்று வரிசையாகப் பிடித்து இழுக்கிற வலை. அவள் என்னை ஒரு வரிசையின் கடைசிக்குக் கூட்டிப்போய், கடைசி ஆளுக்குப் பின்னால் நிறுத்தி, கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

"பிடிச்சோ. விடல்லே. நீ விட்டா வலை திரும்பிப் போயிடும், கேட்டோ?"

அழுகை நின்றுவிட்டது. வலை திரும்பிப் போய்விடக் கூடாதே. முன்னால் நின்றவர் திரும்பி, "ஆஹா, ஆளு வந்நாச்சு. இனி பேடிக்கண்டா" என்று, இனிப் பயமில்லை என்கிற மாதிரி, மற்றவர்களிடம் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் இரண்டு பக்கமும் யாரையோ கைதட்டிக் கூப்பிட்டு என்னவோ சொல்லி அனுப்பினாள். நான் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. "ஏலோ" என்று அவர்கள் குரல் கொடுக்கும்போதெல்லாம் நானும் குரல் கொடுத்துச் சாய்ந்து இழுத்தேன்.

அம்மா வந்தபோது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, அடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. "நான் வரிசையை விட்டு வர முடியாது" என்று நானே சொன்னேன். அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்று அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் கயிறு கையில் நடுங்க ஆரம்பித்தது.

"அம்மா, மீன் துடிக்கறது! தெரியறதா உனக்கு?"

"தெரியறது" என்றாள் அம்மா.

வலை கரையேறியது. கயிற்றில் கைவைத்த எவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கம். மீன்காரப் பெண் ஒரு கை நெத்திலியை அள்ளி, வாழையிலையில் பொதிந்து என்னிடம் நீட்டினாள். அதற்குள் ஓடி வந்து சேர்ந்திருந்த கோட்டை மாமி பதறிப்போனாள். "ஐயோ, இதென்னடி! இதோட எங்க தெருவுல நுழைஞ்சா என் மாமியார் என்னையும் சேத்துக் கழுவி வெளியில வச்சிடுவா." சிரிப்பு மாமி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

அம்மா இரண்டு கையாலும் இலைப் பொதியை வாங்கிக்கொண்டாள். மீன் கடை இருக்கிற பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற அம்மா. "குழந்தையோட கூலி. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்றாள். மீன்காரப் பெண்ணின் கையைப் பிடித்து என்னவோ சொல்லப் பார்த்தாள். தமிழும் வரவில்லை, மலையாளமும் வரவில்லை. "போ சேச்சி, பஸ் போயிடும்" என்று அவளே எங்களை அனுப்பிவைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில், கட்டட வேலை முடிந்து வீடு திரும்புகிற பெண் ஒருத்தி நின்றிருந்தாள். பேச்சில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி. "நல்ல நெத்திலியால்லா இருக்கு, எங்க வாங்குனீய அம்மா?" என்றாள். அம்மா பொதியை அவள் கையில் வைத்து, "எம்பொண்ணு இழுத்தது" என்றாள்.

இந்தக் கதையை நான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். கடலுக்குள் இருக்கிற மீனின் துடிப்பு கயிறு வழியாக என் கைக்கு வந்ததுதான் கதையின் உச்சம். என் மகளும் கேட்டு வளர்ந்தாள்.

சென்ற மாதம் அவள் கல்லூரித் தோழிகளோடு அதே ஊருக்குப் போனாள். கோவளத்தைத் தாண்டிப் பாறைகள் வழியே நடந்திருக்கிறார்கள். ஓர் அலை அவளை இழுத்துப் போட்டது. கரையில் நின்ற மீனவர்கள் குதித்துத் தூக்கியிருக்கிறார்கள். நெற்றியில் தையல், வேறொன்றும் இல்லை. ஃபோன் கடலோடு போனதால், தெரியாத எண்ணிலிருந்து தெரியாத குரல் மலையாளத்தில் எனக்குச் சொன்னது. இப்போதும் ஃபோன் அடித்தால் என் கை அதை உடனே எடுப்பதில்லை.

மறுநாளே போனேன். தூக்கியவர்களைத் தேடி அவளும் நானும் அந்தக் கரைக்கு நடந்தோம். ஒருவரும் இல்லை, கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய பெயரைக்கூட அவள் கேட்டு வைத்திருக்கவில்லை. என் மீன்காரப் பெண்ணின் பெயரும் எனக்குத் தெரியாது. இருவருமாகக் கடலைப் பார்த்து நின்றதுதான் நாங்கள் சொன்ன நன்றி.

சற்றுத் தள்ளிக் கம்பவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் மகளுக்குக் காட்டுவதற்காகக் கிட்டே போனேன். வரிசையில் நின்றவர்களின் கால்கள் மணலில் புதைந்திருந்தன. அவர்களுக்கு நடுவே கயிறு விறைத்து நின்றது. கடைசி ஆளின் கையைத் தாண்டியதும் அது தளர்ந்து மணலில் கிடந்தது. சுருட்டி வைப்பதற்காகக் கிடக்கிற கயிறு. சுற்றுலா வந்த ஒரு சின்னக் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு மும்முரமாகச் சாய்ந்து நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள்.

நான் நின்ற இடம் அதுதான். நான் எதையும் இழுக்கவில்லை. நான் ஓரிடத்தில் நிற்பதற்காகத்தான் அந்த மீன்காரப் பெண் கயிற்றை என் கையில் கொடுத்திருக்கிறாள்.

குனிந்து அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். முன்னால் அத்தனை பேர் இழுத்துக்கொண்டிருந்தும் அது அசையாமல் கிடந்தது. கடலின் எந்தத் துடிப்பும் அங்கே வருவதில்லை. அன்றைக்கு என் உள்ளங்கைக்கு வந்த நடுக்கம் பின்னாலிருந்து, அம்மா பிடித்திருந்த பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.