பூதத்தின் சிவப்புத் துண்டு

மலேசியாவின் ஸ்கூடாயில் மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருக்கும் டெஸ்மண்ட், பேசிப் பிழைப்பவர். ஜொகூர் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கதை கொண்டுபோவார். பாதியை அவர் சொல்வார்; மீதியைப் பிள்ளைகளே நடித்து முடித்துவைக்க வேண்டும். பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் அவரிடம் பேச ஆள் கிடையாது. வீட்டுக்குக் கீழே அய்யூப்பின் சாப்பாட்டுக் கடையிலாவது பேசலாம் என்றால், அது அபாரமாக நிர்வகிக்கப்படும் கடை. அவர் உட்காருவதற்குள் நுரை பொங்கும் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் வந்துவிடும். வாயைத் திறக்க ஒரு வழியும் விட்டுவைக்கவில்லை.

அவர் கலைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. தோளில் சிவப்புத் துண்டு இருந்தால் அவர் பூதம்; எடுத்துவிட்டால் டெஸ்மண்ட் சார். பிள்ளைகள் இதை உரக்கச் சொன்ன பிறகுதான் கதை தொடங்கும். நாட்டில் இத்தனை ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படும் சட்டம் வேறு உண்டா என்பது சந்தேகம்.

சென்ற மாதம் தங்காக்கில் ஒரு பள்ளி. மலைப்பூதம் தினமும் உச்சியிலிருந்து கத்துகிறது. ஊர் என்ன செய்யலாம்? மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள்தான் ஊர். ரூபேந்திரன் என்ற பையன் போலீஸுக்குப் போகலாம் என்றான். அமண்டா என்ற சிறுமி மட்டும் பூதத்தின் முன்னால் வந்து விசாரணையைத் தொடங்கினாள்.

“ஏன் கத்துற?”

“சும்மாதான்.”

“வீட்ல யாரு இருக்கா?”

இதுவரை எந்தப் பள்ளியிலும் வராத கேள்வி. “யாரும் இல்ல,” என்றது பூதம்.

அவள் ஊரின் பக்கம் திரும்பினாள். “அதான் கத்துது லா. நம்மகூட உக்காந்து சாப்பிட்டா கத்தாது.”

தீர்மானம் நிறைவேறியது, ஓய்வு மணியும் அடித்தது. துண்டை எடுத்துவிட்டு விடைபெற வேண்டிய நேரம். அன்று அவர் கை துண்டுவரை போய்த் திரும்பிவிட்டது. கலைஞர்களுக்கு வரும் மறதி என்று வைத்துக்கொள்வோம்.

கேண்டீனில் குட்டைப் பெஞ்சின் நடுவே பூதத்தை உட்காரவைத்தார்கள். முழங்கால் முகவாயை இடித்தது. முன்னால் ஒரு தட்டு வறுத்த நூடுல்ஸ் வந்தது.

“பூதம் மீ கோரேங் சாப்பிடுமா?”

“காரம்டா, அழுதுரும்,” என்றான் ரூபேந்திரன்.

“பல்லு வெளக்குவியா?”

“ஞாயித்துக்கெழமை மட்டும்.”

“ராத்திரி பயமா இருக்குமா?” இது அமண்டா.

“கொஞ்சம்.”

டெஸ்மண்ட் சார் இதுவரை யாரிடமும் ஒப்புக்கொள்ளாத செய்தி அது.

மீயில் காரம் உண்மையாகவே அதிகம். கண்ணும் மூக்கும் ஒழுக, அவர் துண்டை உருவி முகத்தைத் துடைத்தார்.

பிள்ளைகள் துண்டில்லாத தோளைப் பார்த்தார்கள். அமண்டா எழுந்து நின்றாள். “நன்றி, சார்.” எல்லாரும் எழுந்து, “நன்றி, சார்,” என்றார்கள்.

அவசரமாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“கதை முடிஞ்சிருச்சு, சார்,” என்றாள் அமண்டா, மிகுந்த மரியாதையோடு. “டீச்சருங்க மேசை அங்க இருக்கு.”

வகுப்பாசிரியை கிருஷ்ணம்மா, பாடம் முழு வெற்றி என்றார். மறுப்பதற்கில்லை.

அன்று மாலை துண்டோடுதான் அய்யூப்பின் கடையில் போய் உட்கார்ந்தார். தே வந்தது. பின்னாலேயே அய்யூப்பும் வந்தார்.

“என்னண்ணே, துண்டும் தோளுமா? மழையில மாட்டிக்கிட்டீங்களா?”

வெளியே ரோடு காய்ந்து கிடந்தது. இல்லை என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

“ஆமா தம்பி. நல்ல மழை.”

“எங்க?”

“தங்காக்ல.”

அய்யூப் கல்லாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் கை வைத்தார், உட்காரவில்லை. டெஸ்மண்ட் மழையைச் சற்றுப் பெரிதாக்கினார்.