தாலி கட்டும் காட்சிக்கு நான் போட்ட மெட்டு

எந்தப் படத்தின் பின்னணி இசை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதில் ராசிபுரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பியிருந்தேன். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசிப்பது என் தொழில். தியேட்டரில் உட்கார்ந்து, 'இது பழைய படத்திலிருந்து உருவியது, இது வெள்ளைக்காரனிடம் சுட்டது' என்று பக்கத்து நாற்காலிக்கு அறிவிப்பது என் பொழுதுபோக்கு. பக்கத்து நாற்காலியில் பெரும்பாலும் என் மனைவி. சேலத்தில் ஒரு முறை அவள் பாதிப் படத்தில் எழுந்து மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு இசையையும் அடுத்தடுத்து ஒட்டி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

இப்படிச் சுடும் வேலைக்குப் பெரிய இசையமைப்பாளர்கள் பேட்டிகளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மரியாதையாம். முன்னோருக்குச் செலுத்தும் மரியாதை. மாட்டிக்கொண்டால் மரியாதை, மாட்டாவிட்டால் சொந்தக் கற்பனை என்று அதையும் ஸ்டேட்டஸில் எழுதினேன். நிறையப் பேர் சிரித்தார்கள்.

இப்படி இருக்கையில், திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் ஒருவருக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது. தன் மகள் கல்யாணத்தில் நான் வாசித்ததை நினைவில் வைத்து, இசைக்கு என்னையே கூப்பிட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து முறைப்படி அழைத்தார். இசை வாசிப்பவர்களை நல்லதுக்கும் கெட்டதுக்கும் அப்படி அழைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். படம் ஓடினால் கல்யாணக் கீபோர்டுக்குக் கும்பிடு போட்டுவிடலாம் என்று கனவு கண்டேன்.

கதாநாயகன் வரப்பில் நடந்து வரும் இடத்தில், நான் தெய்வமாக நினைக்கும் ஒரு பழைய இசையமைப்பாளரின் புல்லாங்குழல் துணுக்கை வேண்டுமென்றே வைத்தேன். நான் செய்தால் அது மரியாதைதானே. தாலி கட்டும் காட்சிக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் காலை பல் விளக்கும்போது தானாக வந்தது. மெதுவான, நெஞ்சைப் பிசையும் மெட்டு. வயலினில் போட்டுக் கேட்டு நானே அழுதேன். இத்தனை நாள் இது எனக்குள் எங்கே ஒளிந்திருந்தது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அந்தக் கேள்வியை அப்போதே ஒழுங்காக விசாரித்திருக்க வேண்டும்.

வெளியீட்டுக்கு முன் சொந்தபந்தங்களுக்கு நாமக்கல் தியேட்டர் ஒன்றில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மனைவி அன்று பெருமையாக என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். புல்லாங்குழல் வந்தது. யாராவது கண்டுபிடித்துத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர் தும்மினார்.

தாலி கட்டும் காட்சி வந்தது. வயலின் எழுந்ததும் முன்வரிசையில் நாலைந்து பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். பாடை போகும்போது எங்கள் பக்கம் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். யோசித்து எழுவதில்லை, கால் தானாக எழுந்துவிடும். ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நிமிடம் தியேட்டர் முழுக்கச் சிரிப்பு.

என் மனைவி சிரிக்கவில்லை. என் காதருகே குனிந்து, "இது எங்கிருந்து சுட்டதுன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்றாள்.

சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் தெரு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போவார்கள். பாடை தூக்கும்போது எங்கள் ஊர்ப் பேண்டு செட்டுக்காரர் டிரம்பெட்டில் வாசிக்கும் மெட்டு அது. அவரே கட்டியது. திருச்செங்கோடு வரை எந்தச் சாவுக்கும் அவர்தான் போவார். இருபது வருடமாக ஜன்னல் வழியே கேட்டுக் கேட்டு என் சொத்து ஆக்கிக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் ரிக்காரர் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, கண்ணாலத்துக்கு எழவு மெட்டுங்களா போடுவீங்க?"

"அது நம்ம ஊர்க் கலைஞருக்கு ஒரு மரியாதைங்க" என்றேன். சொன்னதும் எனக்கே கூசியது.

"அது அவுருக்குத் தெரியுமுங்களா?"

நான் வாசலில் ஒட்டியிருந்த எங்கள் பட போஸ்டரைப் பார்த்தேன்.

"மெட்டத் தூக்கீருங்க. அதுக்கு முன்னால அந்த மனுசங்கிட்டப் போயி ஒரு வார்த்த சொல்லீட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அடுத்த படத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

மறுநாள் காலை, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு டிரம்பெட்காரர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். உங்கள் கலை, உங்கள் மெட்டு, என் மரியாதை என்று நல்ல நல்ல வார்த்தைகள். வாசலில் உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர், முதலில் தட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். துணியை மெல்லக் கீழே வைத்தார்.

"அடடா. உங்க ஊட்டுல யாருங்க சாமி தவறிப்போனது? எத்தன மணிக்குங்க எடுக்கறீங்க?"

அந்த வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வேறு எதற்கும் போனதில்லை. தயார் செய்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. தட்டோடு நின்றேன். நான் துக்கத்தில் பேச முடியாமல் நிற்கிறேன் என்று நினைத்து, அவர் உள்ளே போய்ப் பேண்டு செட்டுச் சீருடையை மாட்டிக்கொண்டு வந்தார்.