வாஷிங் மெஷினில் ஒரு சோடிச் செருப்பு

மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில், ஆஸியா தன் வீட்டு முன்னறையில் நடத்தும் வீடியோ கேம் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசல்படியில் கழற்றிக் கிடக்கும் செருப்புகள்தான் பலகை. எவன் உள்ளே இருக்கிறான், எவன் வேலைக்குப் போவதாக வீட்டில் கதை விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பதையெல்லாம் ரோட்டில் போகும் பஸ்ஸில் இருந்தே வாசித்துவிடலாம்.

அதிலும் நிஸ்தாரின் செருப்பு தனி ரகம். இடது காலில் நீல வார், வலது காலில் பச்சை வார். ஒன்று அறுந்தபோது வேறொரு செருப்பிலிருந்து கழற்றி மாட்டியது. சீகிரியா மலை உச்சியில் நின்று பார்த்தாலும் அது நிஸ்தாரின் கால்தான் என்று தெரியும் என்பாள் ஆஸியா.

நிஸ்தார் த்ரீவீல் ஓட்டுகிறவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கேம் ஆசை மட்டும் பன்னிரண்டிலேயே நின்றுவிட்டது. அவன் மனைவி ஸஹ்னா, ஆஸியாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். பகல் சாப்பாடு முடிந்ததும் ஸஹ்னாவின் போன் வரும்.

"ஆஸியா, எங்கட ஆள் அங்கயா?"

"இங்க எங்கடி? காலையில ஸ்டாண்டுல கண்டேன். ஹயர் போயிருப்பார்."

சொல்லிக்கொண்டே ஆஸியா அந்தச் சோடியைக் காலால் உள்ளே தள்ளுவாள். நடையில் பழுதாகிக் கிடக்கும் வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே போட்டு மூடிவிடுவாள். அந்த மெஷின் துணியைக் கண்டு வருஷக்கணக்காகிறது. நிஸ்தாரின் செருப்புக்காகவே அது உயிரோடு இருந்தது. போனை வைத்த கையோடு உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

"நிஸ்தார் நானா, தேடுறா. குரல் கொஞ்சம் சூடு. போறப்ப பேக்கரியில ரெண்டு மாலு பனிஸ் வாங்கிட்டுப் போங்க, ஆறிடும்."

அதே ஆஸியா பின்னேரம் ஸஹ்னாவுக்குப் போன் அடிப்பாள். "அடியே, உன் ஆள் இன்னைக்கு சிகரெட் குடிச்சிருக்கார். கேட்டுடாத. கிட்டப் போய் சும்மா மோந்து பாரு."

ஆஸியா தன்னுடைய ஆள் என்று ஸஹ்னா நினைத்தாள். தன்னுடைய ஆள் என்று நிஸ்தாரும் நினைத்தான். ஸஹ்னா வட்டிலப்பம் அனுப்புவாள், நிஸ்தார் மாத்தளை டவுனுக்குக் காசு வாங்காமல் ஏற்றிப் போவான். அந்த வீட்டில் பெரிய சண்டை வந்ததே இல்லை. அதற்குக் காரணம் தான்தான் என்று ஆஸியா உண்மையாகவே நம்பினாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை கண்டியில் இன்னொருத்தியோடு வீடு பார்த்துக்கொண்டு போனபிறகு அவள் போனுக்கு வருகிறவை இரண்டுதான். ஒன்று போன் கம்பெனிக்காரனின் மெசேஜ், மற்றது ஸஹ்னா. கம்பெனிக்காரனோடு எவ்வளவு நேரம்தான் கதைப்பது.

நிஸ்தார் விளையாடுவது ஒரே ஒரு கேம். அதில் வெல்கா என்று ஒருத்தி, சிவப்புக் கோட்டுப் போட்ட உளவுக்காரி. ஒருவரோடு ஒருவர் பகையான இரண்டு நாட்டுக்கும் வேலை செய்வாள். இவர்கள் கதையை அவர்களுக்குச் சொல்வாள், அவர்கள் கதையை இவர்களுக்குச் சொல்வாள். யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க ஆபீசுக்கு, மாற்றலாகி வந்த கிளார்க் சஞ்சீவன், உக்குவளையில் அறை எடுத்திருந்தான். பகல் இடைவேளையில் அறைக்குப் போகாமல் சோற்றுப் பார்சலோடு நேராக இங்கேதான் வருவான். வந்ததும் தர்க்கம் தொடங்கும்.

"அவள் சரியான கள்ளி, நிஸ்தார் அண்ணை. ரெண்டு பக்கமும் சாப்பிடுறாள்."

"சாப்பிட்டா என்ன சேர்? ரெண்டு பக்கமும் அடிச்சிக்காமப் பாத்துக்கிறாளே."

"ஒரு பக்கத்துக்காவது உண்மையா இருக்கோணும்."

"ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிப் பாதி உண்மையாத்தானே இருக்கா. கூட்டினா முழுசு."

ஆஸியா சிரித்த சிரிப்பில் கூரைத் தகடு ரெண்டு கழன்றிருக்கும். கேம் முடியும் இடத்தில் ஒரு பாலம் வரும். ரெண்டு பக்கமும் ஆட்கள் துவக்கைக் குறிபார்த்துக்கொண்டு நிற்பார்கள், நடுவில் வெல்கா. எந்தப் பக்கம் போவது என்று பட்டனை அமத்த வேண்டியது விளையாடுகிறவன். நிஸ்தார் மட்டும் ஒரு நாளும் அமத்தியதில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்று டிவியை அணைத்துவிட்டு எழும்பிவிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம், பள்ளிவாசலுக்குப் போகிற தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"நானா, இன்னைக்கு வெள்ளி."

"தெரியும். குத்பா முடிஞ்சி தொழ நிக்கிறதுக்குள்ள போயிருவேன். இன்னைக்கு அந்தப் பாலத்தைத் தாண்டணும்."

த்ரீவீலை அரிசி மில்லுக்குப் பின்னால் விட்டிருந்தான், போனை அணைத்திருந்தான். ஆஸியா போன் வரும்வரை காத்திருக்கவில்லை. செருப்பை எடுத்து மெஷினுக்குள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஸஹ்னாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஆஸியா, அவர் இருக்காரா?"

"ஜும்ஆ நேரத்துல அவருக்கு இங்க என்னடி வேலை? பள்ளியில இருப்பார்."

லைன் அறுந்தது. கோபம் போல என்று ஆஸியா நினைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளுடைய வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லப் பழகியிருந்தது.

ஸஹ்னாவின் வாப்பா மஹ்ரூப் பள்ளிக்குப் புறப்பட, கைகால் கழுவி ஒழு எடுக்கும்போது குழாயடியில் விழுந்திருந்தார். மிளகு, கொறக்காய் வியாபாரி. அவர் உக்குவளையில் விலை சொன்னால் மாத்தளைக் கடைத்தெருவில் கேட்கும் என்பார்கள், அப்படி ஒரு தொண்டை. அன்று ஸ்டாண்டில் ஒரு த்ரீவீல் இல்லை. பாதிப் பேர் பள்ளியில், மீதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போயிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு ரத்தோட்டைப் பக்கம் நின்றது.

நிஸ்தாருக்குச் செய்தி ரோட்டிலிருந்து வந்தது. யாரோ சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பின்கதவால் வெறுங்காலோடு ஓடினான். பாலத்தில் வெல்கா நின்றபடி நின்றாள்.

மஹ்ரூப் பிழைத்துக்கொண்டார். வாதம் அடித்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, குரலும் போய்விட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபிறகு ஆஸியா பார்க்கப் போனாள். கட்டிலில் மஹ்ரூப் பாதியாகச் சுருங்கியிருந்தார். ஸஹ்னா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நீ பள்ளியிலன்னு சொன்னதும் ஓடினேன்டி. பொம்பளை நான் உள்ள போக ஏலுமா? முன்வாசல்ல குந்திக்கிட்டு அவர் செருப்பைத் தேடினேன். நீலமும் பச்சையும். அதைக் கண்டா ஆள் உள்ள இருக்கார், யாரையாவது அனுப்பிக் கூப்பிடலாம்ல. ஊர்ச் செருப்பு முழுக்கப் புரட்டினேன். தொழுது முடிச்சி ஆக்கள் வெளிய வந்த பொறகுதான் ஒருத்தர் வேன் கொண்டு வந்தார்."

ஸஹ்னா இன்னொரு கரண்டி கஞ்சியை எடுத்து ஊதினாள்.

"அவர் பள்ளிப் பின்வாசல்ல கழட்டினாராம். அங்கருந்து யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்களாம். வெறுங்காலோட வந்தார் மனுசன். பின்பக்கம் ஒருக்கா போய்ப் பாக்க எனக்குத் தோணலயே. என்ட மோட்டு மூளையால வாப்பா இப்படிக் கிடக்கார்."

மஹ்ரூப்பின் வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. ஆஸியா அதைப் பிடித்தாள். அவருக்கு அது தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கஞ்சி அவர் வாயோரத்தில் வழிந்தது, அதைத் துடைத்தாள். பிறகு எழும்பி வீட்டுக்கு வந்து, வழக்கம்போல டிவிகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் நிஸ்தார் பின்கதவில் வந்து நின்றான். புதுச் செருப்புப் போட்டிருந்தான்.

"ஆஸியா, சொல்லிடாத."

"ம்."

"அவ தாங்கமாட்டா. பழசை எரிச்சிரு."

"ம்."

அவன் போனபிறகு, எதற்கு 'ம்' சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. நெஞ்சில் கை வைத்தாலும், மர அலுமாரியில் கை வைத்தாலும் ஒன்று போலவே இருந்தது. எரிக்கவும் இல்லை.

ஸஹ்னாவின் போன் இப்போது பகலில் வராது, பின்னேரம்தான் வரும்.

"இன்னைக்கும் பின்வாசல்ல போய்ப் பாத்தேன்டி. மாத்திப் போட்டவன் கொண்டுவந்து வச்சிருப்பானோன்னு."

"செருப்புதானேடி. விடு."

"இல்ல. அது எந்த இடத்துல கிடந்திச்சின்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அன்னைக்கு நான் எத்தனை அடி பக்கத்துல இருந்தேன்னு."

கடையில் சஞ்சீவன் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி டிவியைக் காட்டினான். "அக்கா, அண்ணையின்ர ஆள் இன்னும் பாலத்திலதான் நிக்கிறாள். நான் அமத்திவிடட்டே?"

"தொடாதீங்க தம்பி."

"நீங்கள் எண்டா எந்தப் பக்கம்?"

"கரண்ட் போகட்டும்னு பாத்துக்கிட்டு இருப்பேன்."

சஞ்சீவன் சிரித்தான். ஆஸியாவும் சிரிப்பதற்கு வாயைக் கொண்டுபோனாள், அது பாதியில் நின்றுவிட்டது.

ஸஹ்னா பள்ளிப் பின்வாசலுக்குப் போவது நிற்கவில்லை. மழையிலும் போனாள். அங்கே சும்மா நின்றுவிட்டு வருகிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். தூக்கமும் இல்லையாம். ஒரு நாள் பகல் ஆஸியா எழும்பி நடைக்குப் போனாள். மெஷின் மூடியைத் திறந்தாள். நீலமும் பச்சையும் தூசி படாமல் அப்படியே கிடந்தன. எடுத்துக்கொண்டு போய் வாசல்படியில், ரோட்டைப் பார்க்க வைத்தாள். பிறகு போன் அடித்து, "ஸஹ்னா, ஒருக்கா வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

ஸஹ்னா கஞ்சிக் கோப்பை கழுவிய ஈரக்கையோடு வந்தாள். படிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"இது எப்படி இங்க?"

"இங்கதான் இருந்திச்சி."

"எப்பருந்து?"

"அன்னைக்கிருந்து."

"நான் போன் அடிக்கக்குள்ள?"

"அப்பவும்."

"அவர்?"

"உள்ள."

ஸஹ்னா ஏசுவாள், அடிப்பாள், ரோட்டுக்கே கேட்கக் கத்துவாள் என்றுதான் ஆஸியா நினைத்திருந்தாள். மஹ்ரூப்பின் மகள்தானே, அந்தத் தொண்டை அவளுக்கும் இருந்தது. அவள் குனிந்தாள். செருப்பைக் கைக்கொன்றாக எடுத்தாள்.

"அப்ப நான் பின்வாசல் போயிருந்தாலும் கிடைச்சிருக்காது."

"கிடைச்சிருக்காதுடி."

"சரி."

அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தும் ஒதுங்கவில்லை, பஸ்தான் ஒதுங்கிப் போனது. ஆஸியா அவளுடைய முதுகையும், ஒரு கையில் நீலத்தையும் மறு கையில் பச்சையையும் வளைவு வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் இனி என்ன நடக்கும் என்று அவளால் யோசிக்க முடிந்தது. பயப்பட முடியவில்லை.

அன்று பின்னேரம் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கம்பெனிக்காரனின் மெசேஜ் ஒன்று வந்தது. அடுத்த நாள் பின்னேரமும் அதேதான். நடையில் வாஷிங் மெஷினின் மூடி திறந்தபடி கிடந்தது. அதை மூட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எழும்பவில்லை.