வாளியில் மாட்டிய பிரஷ்

அறுபதுகளில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பஞ்சு மில்லில் நான் மெக்கானிக். ஒருநாள், அங்கே வேலை செய்த பழனியப்பன் மெஷினுக்குள்ளிருந்து கையை வெளியே எடுப்பதற்குள் நான் அதை ஓட்டிவிட்டேன். அவருக்கு வலது கை போய்விட்டது.

சில மாதம் கழித்து, குளிக்க உதவட்டும் என்று நீளக் கைப்பிடி வைத்து ஒரு பிரஷ் செய்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"முதுகுக்கு நல்லா எட்டுமுங்க," என்றார். "ஆனா இந்த இடது கையத் தேய்க்க இன்னொரு கை வேணுமுங்களே. தெனமும் என்ற ஊட்டுக்காரிதான் தேச்சு உடறா."

பிரஷைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனேன். மறுநாள், வாளி விளிம்பில் மாட்டும்படி அந்தப் பிரஷில் ஒரு கிளிப் பொருத்திக் கொடுத்தேன். அவர் கையை அதன்மேல் வைத்து நகக்கண் வரை நெடுநேரம் தேய்த்தார்.

"சௌகரியமா இருக்குதுங்க," என்றார்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் திட்டவில்லை. நான் கேட்காமலே திரும்பிவிட்டேன்.